மைனஸ் பக்கம்

தெமட்டகொடையில் பதினொரு நாள் கிடந்து
வீடு வந்தது கார்.
நூற்றைம்பத்தைந்து பஸ் முட்டிய இடது பின்மூலையில்
கையை வைத்தால் இப்போது வழுக்குகிறது.
பழைய சாம்பலைவிட
ஒரு பிடி கூடுதல் சாம்பல்.
பில் ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரம்.
"டிங்கரிங், பெயின்ற்" என்று மட்டும் எழுதியிருந்தது.

முதல் மழையில்தான் தெரிந்தது.
பம்பலப்பிட்டிச் சந்தியில் பிரேக்கை மிதிக்க
டாஷ்போர்டில் இடது அம்பு
பச்சையாய், மங்கலாய், விழித்தது.
நான் எங்கும் திரும்பவில்லை.
ஓட்டோக்காரன் ஒருவன் பக்கத்தில் வந்து
ஈரக் கையை விரித்துக் கேட்டான்:
"எந்தப் பக்கம் அக்கா போறீங்க?"

கராஜுக்குப் போன் எடுத்தேன்.
"வயரில நாங்க கையே வைக்கல்ல மிஸ், பியூஸ் போல."
பியூஸ் எல்லாம் நல்லம்.
பஞ்சிகாவத்தையில் ஜிப்ரி நானா
பொனெற்றைத் திறக்காமலே
சுவிட்ச் மாற்றச் சொன்னார். ஒன்பதாயிரம்.

நான் கணக்கெழுதுகிறவள்.
முப்பத்தாறு சதம் இடித்தால்
மூன்று இரவு தூங்காதவள்.
மின்சாரம் எனக்குத் தெரியாது.
ஆனால் போனது எதுவும்
ஒரு வழியால் திரும்பி வந்தே ஆகவேண்டும்,
அது தெரியும்.

ஞாயிறு இரவு, ஃபிளாட்டின் கீழ்த்தளம்.
முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கிய மீற்றர்,
பல்லிடுக்கில் போன் டோர்ச்.
காவலாளி நந்தசிறி காருக்குப் பின்னால் குந்தியிருந்தார்.
மிதித்தேன்.
"தக்குன பத்துவெனவா," என்றார்.
எட்டு வருடம் வெள்ளவத்தையில் இருந்தும்
அந்தச் சொல் முதலில் பத்து என்றுதான் காதில் விழும்.
பிறகுதான் எரியும்.
இடதுக்கு அவர் சொல் தேடவில்லை,
கையைக் கவிழ்த்து
அப்படியும் இப்படியும் ஆட்டினார்.

பிளஸ் பக்கம் பார்த்தேன்.
12.4. 12.4. 12.3.
வெளியே போகிற கணக்கில்
குறை இல்லை.
எல்லோரும் பார்ப்பது அந்தப் பக்கத்தைத்தான்.

கறுப்புக் குச்சியைப் பற்றரியின் மைனஸில் கவ்வவிட்டு
நீள வயரால் டிக்கிவரை இழுத்து
சிவப்பை லைற்றின் எர்த் நுனியில் வைத்தேன்.
இப்போது நந்தசிறி பிரேக்கில்.
பூச்சியம் காட்டவேண்டிய இடம்.
ஏழு தசம் எட்டு.

வாசல் பூட்டியிருக்கிறது.
அதனால்தான் பக்கத்துச் சிக்னல் பல்பின் இழைக்குள்
பின்புறமாய் நுழைந்து
கார் நீளத்துக்கும் ஓடி
முன் விளக்கில் இறங்கி
வீடு சேர்ந்திருக்கிறது.
பம்பலப்பிட்டியில் நான் கண்டது
அது போகிற வெளிச்சம்.

டிக்கியின் கம்பளத்தை உரித்தேன்.
ஒரு போல்ட், பத்தாம் நம்பர் ஸ்பெனர்.
கழற்ற, வளையத்துக்கு அடியில்
அதே சாம்பல்.
வெளியே பூசியதைவிட வழவழப்பு.
யார் கண்ணும் படாத மூலையையும் விடாமல்
நேர்த்தியாய்ப் பூசியிருக்கிறான்
முகம் தெரியாத பெயின்ற் பையன்.
அவனிடம் கோபிக்க
எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

எமரித்தாளால் தேய்த்தேன்.
ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரத்தில்
நகமளவு
தூளாகி விரலில் ஒட்டியது.
அடியில் இரும்பு, பளிச்சென்று.
கொஞ்சம் கிறீஸ். வளையம். போல்ட். இறுக்கு.
0.04.

"பத்துவெனவாத மிஸ்?"
உள்ளேயிருந்து அவர் கேட்டார்.
சிவப்பில் என் முழங்கால், தூண், பக்கத்து வானின் பம்பர்
எல்லாம் நனைந்திருந்தன.
"பத்துவெனவா," என்றேன்.
இந்தமுறை எரிந்தது முதலில்.
பத்து பிறகு வந்தது.

டிக்கியை மூடப்போகையில் கண்டேன்,
உள்ளே உள்ள சின்ன லைற் எரியவில்லை.
பஸ் முட்டுமுன் எரிந்ததா?
நின்று யோசித்தேன்.
மேலே கடைசி ரயில்
கடலோரமாய் தெஹிவளைப் பக்கம் போனது.
ஞாபகம் இல்லை.